ரெட்டைச் சடைக்காரியை மிக்ஸட் மீடியாவில் வரைவது எப்படி

பெரிய தலை, மெலிந்த கழுத்து, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்கள், பழைய நோட்டுத்தாளில் ஒரு பாவாடை, தலைமேல் ஓர் அணில். கனவும் குறும்பும் கலந்த இந்தச் சிறுமி ஓவியங்களைப் பார்த்தால் விளையாட்டாகச் செய்ததுபோல் தெரியும். செய்ய உட்கார்ந்தால் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வோம். எந்தப் பொருளுக்குமேல் எந்தப் பொருளை வைக்கலாம் என்ற வரிசை ஒன்று, முகம் இன்னொன்று. இந்த இரண்டையும் கொஞ்சம் நின்று நிதானித்துப் பார்ப்போம். மற்றதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

காகிதம், துணி, பசை, வண்ணம், மை என்று பல பொருட்களை ஒரே பலகையில் சேர்ப்பதுதான் மிக்ஸட் மீடியா. நமக்கு இது புதிதில்லை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்கத்தாள் ஒட்டி, கடைசியில் முகத்துக்கு வண்ணம் தீட்டும் தஞ்சாவூர் ஓவியமும் இதே வகைதான். நகையும் மண்டபமும் புடைத்து நிற்க, முகம் மட்டும் வழவழப்பாக இருப்பதை அங்கே கவனித்திருப்பீர்கள். நம் சிறுமிக்கும் அதே கணக்கு: மேடு பள்ளமும் ஆரவாரமும் சுற்றி இருக்கட்டும், முகம் மட்டும் அமைதியாக இருக்கட்டும்.

வாங்க வேண்டியவை

அக்ரிலிக் வண்ணத்தில் ஏழு டியூப் போதும்: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின் நீலம், கிரிம்சன், இவற்றோடு உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பளிச் நிறம். கறுப்பு வேண்டாம், ஏன் என்று பிறகு பார்க்கலாம். 1 அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று, 8ஆம் எண் தட்டை ஒன்று, 2, 0 எண்களில் உருண்டை நுனித் தூரிகைகள். ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிப்பதற்காக அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு), மேட் மீடியம் (நிறமில்லாத, பளபளக்காத அக்ரிலிக் பசை), 4பி பென்சில், டிரேசிங் தாள், வெள்ளை ஜெல் பேனா, நீர் பட்டால் கரையாத பழுப்பு மைப்பேனா. சகுரா பிக்மா மைக்ரான் பேனாவில் பழுப்பு கிடைக்கிறது. போஸ்கா என்ற வண்ண மார்க்கர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எம்.ஆர். போன்ற வெள்ளைப் பசை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காகிதம் ஒட்டும், உண்மைதான். ஆனால் அந்தப் பசை உலர்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும். மேலே நீர்த்த வண்ணம் அடித்தால் காகித ஓரம் மெல்லத் தூக்கிக்கொள்ளும். மேட் மீடியம் ஒருமுறை உலர்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. வெள்ளைப் பசையால்தான் ஒட்டுவேன் என்றால், நன்றாக உலர்ந்தபின் அதன்மேல் ஒரு பூச்சு மேட் மீடியம் கொடுத்துப் பூட்டிவிட்டு வண்ணத்துக்குப் போங்கள்.

பலகையும் அடிப்பூச்சும்

25 × 30 செ.மீ. கேன்வாஸ் போர்டு, அல்லது அதே அளவில் 4 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ் இந்த வேலைக்கு அவ்வளவாக ஒத்துவராது. காகிதத்தை அழுத்தி ஒட்டும்போது உள்வாங்கும். மேடு எழுப்ப மேலே வைக்கும் பேஸ்ட் பின்னால் விரிசல் விடும். தாளில்தான் செய்ய வேண்டும் என்றால் 300 ஜி.எஸ்.எம்.க்குக் குறையாத தாளை எடுத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி அட்டையில் பொருத்திக்கொள்ளுங்கள்.

எம்.டி.எஃப். வாங்கினால் முதலில் ஓரங்களைக் கவனியுங்கள். வெட்டிய ஓரம் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். நாலு ஓரத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சு மேட் மீடியம் கொடுத்துவிட்டால் ஊதவும் ஊதாது, ஒருபக்கமாக வளையவும் வளையாது. பிறகு முன்பக்கத்தில் ஜெஸ்ஸோ இரண்டு மெல்லிய பூச்சு: முதல் பூச்சு குறுக்கே, இரண்டாவது நெடுக்கே. இடையில் அரை மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். உலர்ந்ததும் 220ஆம் எண் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. தூரிகைத் தடம் விரலுக்குத் தட்டுப்படாமல் இருந்தால் சரி.

காகிதம் ஒட்டும் முன்பே முகத்துக்கு இடம்

இந்த ஒரு படியைத் தாண்டிவிடுபவர்கள்தான் அதிகம். பலகை முழுக்க ஆசை ஆசையாகக் காகிதம் ஒட்டிவிட்டு, அதன்மேல் முகம் வரையப் போவார்கள். மூக்குக்குக் குறுக்கே ஒரு காகித விளிம்பு ஓடும். எத்தனை பூச்சு அடித்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தக் கோடு தழும்பு மாதிரி எழுந்து நிற்கும்.

அதனால் பலகையின் மேல்விளிம்பிலிருந்து 2 செ.மீ. விட்டு, 12 செ.மீ. உயரம், 10.5 செ.மீ. அகலத்தில் பென்சிலால் ஒரு முட்டை வடிவம் போடுங்கள். அதற்குக் கீழே 3 செ.மீ. நீளக் கழுத்து, 2 செ.மீ.க்கு உட்பட்ட அகலத்தில். தோள்பட்டை 7 செ.மீ. போதும்; தலையைவிடக் குறுகலாக இருந்தால்தான் பொம்மைத்தனம் வரும். மிச்சமிருக்கும் 13 செ.மீ. பாவாடை சட்டைக்கு. பாவாடை பலகையின் கீழ்விளிம்போடு முடிந்துபோகட்டும். கால் வரைய வேண்டிய தொல்லையும் இல்லை, உருவமும் பெரிதாகத் தெரியும்.

முட்டைக்குள்ளும் கழுத்திலும் காகிதம் வரக்கூடாது. அதைச் சுற்றி எது வேண்டுமானாலும் வரட்டும்.

பின்புலம்

என்னென்ன ஒட்டலாம்? நாலு வரி நோட்டுத்தாள், பழைய பஞ்சாங்கத் தாள், தினசரி காலண்டரில் கிழித்த தாள், தையல் கடையில் வெட்டிப்போடும் பேட்டர்ன் தாள், வரைபடம், டிஷ்யூ. செய்தித்தாளும் ஒட்டலாம், ஆனால் அதில் லிக்னின் என்ற மரப்பொருள் இருப்பதால் வெயில் பட்டால் சில வாரங்களிலேயே மஞ்சளடிக்கும். மேலே வண்ணம் வரும் இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த பிரதி வேண்டாம், பசை பட்டதும் மை ஊறிக் கலங்கிவிடும். ஜெராக்ஸ் கடையில் எடுத்த பிரதி கலங்காது, ஏனென்றால் அதிலிருப்பது சூட்டில் உருகி ஒட்டிய டோனர் பொடி. அப்பா எழுதிய கடிதம், பாட்டியின் சமையல் குறிப்பு மாதிரி திரும்பக் கிடைக்காத தாள்களையும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவதே நல்லது.

தாளை வெட்டாதீர்கள், கிழியுங்கள். வெட்டிய ஓரம் கத்தி மாதிரி நிற்கும்; கிழித்த ஓரத்தில் நார் பிரிந்து பின்புலத்தோடு கரையும். ஒரு செய்தித்தாளை எடுத்து இரண்டு திசையிலும் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நூல் பிடித்தாற்போல் நேராக வரும், மறுபக்கம் கோணிக்கொண்டு ஓடும். காகிதக் கூழின் இழை ஓடும் திசைதான் காரணம். பின்புலத்துக்குக் கோணல் கிழிசல், பாவாடை மடிப்புக்கு நேர்க்கிழிசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகள் 3 முதல் 6 செ.மீ. வரை இருக்கலாம்.

ஒட்டும் முறை: பலகையில் மெல்லிய பூச்சு மீடியம், அதன்மேல் தாள், நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய ஏ.டி.எம். அட்டையால் ஒரு தள்ளு, உடனே தாளின்மேல் இன்னொரு மெல்லிய பூச்சு. சுருக்கம் ஏன் விழுகிறது தெரியுமா? காகிதம் ஈரத்தில் விரிகிறது. ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் ஒழுங்கில்லாமல் விரிந்து மடியும். மேலும் கீழும் பசை இருந்தால் சமமாக விரிந்து, உலரும்போது சமமாகவே இறுகும். கெட்டித் தாளாக இருந்தால் ஒட்டுவதற்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றி, 1 நிமிடம் விட்டுவிட்டு ஒட்டுங்கள். அவசரப்பட்டு ஹேர் டிரையரைக் கிட்டே பிடித்தால் அடியில் இருக்கும் ஈரம் ஆவியாகிக் கொப்புளம் எழும்பும். 30 செ.மீ. தள்ளி, குறைந்த சூட்டில் பிடியுங்கள். இல்லையென்றால் மின்விசிறிக்குக் கீழே 2 மணி நேரம் விட்டுவிடுங்கள்.

தமிழ் எழுத்துள்ள தாளை ஒட்டும்போது ஒரு விஷயம். பார்ப்பவர் அதைப் படிப்பார். கண் தானாகவே படித்துவிடும், தடுக்க முடியாது. சிறுமியின் கன்னத்துக்குப் பக்கத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’ விளம்பரத்தின் ஒரு துண்டு வந்து உட்கார்ந்தால் படமே வேறாகிவிடும். தாளைத் தலைகீழாகவோ சாய்த்தோ ஒட்டினால் எழுத்து வெறும் கோலமாக மாறும். படிக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிற ஒரே ஒரு சொல்லை மட்டும் நேராக வையுங்கள்.

உலர்ந்ததும் வெள்ளை வண்ணம் 1 பங்கு, தண்ணீர் 1 பங்கு கலந்து பின்புலம் முழுக்கப் பூசி, அரை நிமிடத்தில் ஈரத்துணியால் துடையுங்கள். எழுத்தெல்லாம் பனிக்குள் போனதுபோல் பின்னுக்குப் போகும். அதன்மேல் இரண்டே நிறங்கள், உதாரணத்துக்கு மயில்நீலமும் ஓக்கரும். இங்கே விளையாடலாம்: பொட்டலத்தில் வரும் குமிழி உறையில் வண்ணம் தடவி ஒற்றலாம், அட்டைப்பெட்டியின் நெளிவுப் பக்கத்தால் வரி போடலாம், பலகையை நிமிர்த்திப் பிடித்து நீர்த்த வண்ணத்தை வழியவிடலாம். வண்ணம் ஈரமாக இருக்கும்போது ஐசோபுரோபைல் ஆல்கஹால் சொட்டினால் வண்ணம் விலகி வட்டம் வட்டமாகப் பூக்கும். சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக்கூடாது. மூன்றாவது நிறத்தைச் சேர்க்கும் ஆசை கட்டாயம் வரும். முதல் இரண்டும் உலரும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள். ஈரத்தில் மூன்றும் கலந்தால் சேற்று நிறம்தான் மிஞ்சும்.

முகம்

முகத்தை நேராகப் பலகையில் வரையாதீர்கள். டிரேசிங் தாளில் வரையுங்கள். அழிக்கலாம், நகர்த்தலாம், எல்லாவற்றையும்விட முக்கியமாகத் திருப்பிப் பார்க்கலாம். தாளைப் புரட்டிய உடனே ஒரு கண் மேலே ஏறியிருப்பதும் தாடை ஒருபக்கம் இழுத்திருப்பதும் தெரிந்துவிடும். நம் கண் பழகிப்போன கோணல் புரட்டினால்தான் பிடிபடும்.

12 செ.மீ. தலைக்கு இதோ அளவு. உச்சியிலிருந்து 7 செ.மீ. கீழே கண்கோடு. பெரியவர்கள் முகத்தில் கண் ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கும். நடுவுக்குக் கீழே இறக்கினால் நெற்றி பெரிதாகும், முகம் குழந்தையாகிவிடும். பெரிய நெற்றி, கீழே இறங்கிய பெரிய கண், உருண்டைக் கன்னம், இவற்றைப் பார்த்தால் மனிதருக்குத் தானாகவே பரிவு சுரக்கிறது என்று ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரென்ஸ் 1943இல் எழுதினார். இந்தவகை ஓவியம் நிற்பது அந்தப் பரிவின்மேல்தான்.

ஒரு கண்ணின் அகலம் 2.4 செ.மீ. இரண்டு கண்ணுக்கும் நடுவே 2.6 செ.மீ., அதாவது ஒரு கண்ணைவிடச் சற்றே அதிகம். நெருக்கி வைத்தால் வயது கூடும், கோபக்காரியாகத் தெரிவாள். கண்கோட்டுக்கு 1.6 செ.மீ. கீழே மூக்கு நுனி: இரண்டு சின்னப் புள்ளி, அடியில் ஒரு நிழல், அவ்வளவுதான். மூக்கின் இரு பக்கமும் மேலிருந்து கோடு இழுக்க வேண்டாம். கண்கோட்டுக்கு 3 செ.மீ. கீழே உதடு சேரும் கோடு, 1.6 செ.மீ. அகலம். மூக்கின் பக்கத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்புக்கோடு வரவே கூடாது. அந்த ஒரு கோடு பத்து வயதுச் சிறுமியை நாற்பது வயதாக்கிவிடும்.

தாளின் பின்பக்கம் 4பி பென்சிலைத் தேய்த்து, முட்டை வடிவத்தின்மேல் வைத்து, கோடுகளை மறுபடி அழுத்தி வரைந்தால் பலகையில் இறங்கிவிடும். இறங்கிய கோட்டின்மேல் ஒரு மெல்லிய பூச்சு மேட் மீடியம் கொடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பென்சில் கரி வண்ணத்தில் கலந்து தோலெல்லாம் சாம்பல் பூத்துவிடும்.

தோல் நிறத்துக்கு வருவோம். ‘ஸ்கின்’ என்று எழுதி டியூப்பில் விற்கும் வெளிர் ரோஜாவை வாங்க வேண்டாம். மாநிறத்துக்கு பர்ன்ட் சியன்னா 3 பங்கு, யெல்லோ ஓக்கர் 2 பங்கு, வெள்ளை 1 பங்கு. கறுத்த பெண் என்றால் பர்ன்ட் அம்பர் 3, பர்ன்ட் சியன்னா 2, ஓக்கர் 1, வெள்ளை வேண்டாம். அக்ரிலிக் ஈரத்தில் இருப்பதைவிட உலர்ந்தபின் ஒரு படி கறுக்கும், ஏனென்றால் ஈரத்தில் பால்போல் வெளுத்திருக்கும் பசை உலர்ந்ததும் கண்ணாடியாகிவிடுகிறது. ஓரத்தாளில் தடவி உலரவிட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். கலவையை முழு முகத்துக்கும் போதுமான அளவு, ஒரு தேக்கரண்டியாவது, ஒரேயடியாகக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து இரண்டாம் முறை கலந்தால் அதே நிறம் வராது. டிபன் டப்பாவுக்குள் நனைத்த டிஷ்யூ, அதன்மேல் பட்டர் பேப்பர், அதில் வண்ணம், மூடி போட்டுவிட்டால் சித்திரை வெயிலிலும் மறுநாள் வரை காயாது.

முதலில் கலந்துவைத்த தோல் நிறத்தை, அதாவது நடுநிறத்தை, முகம், கழுத்து எங்கும் இரண்டு மெல்லிய பூச்சு. பிறகு நிழல்: நடுநிறத்தில் பர்ன்ட் அம்பரும் ஊசிமுனையளவு அல்ட்ராமரினும். கறுப்பைக் கலந்தால் தோல் செத்துப்போகும்; நீலமும் பழுப்பும் சேர்ந்த நிழலில் உயிர் இருக்கும். நிழல் விழும் இடங்கள்: முடிக்குக் கீழே நெற்றியோரம், கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், கீழுதட்டுக்கு அடியில், தாடைக்குக் கீழே கழுத்தில். கழுத்து நிழலைத் தைரியமாக, பட்டையாகப் போடுங்கள். அதுதான் முகத்தை முன்னால் தள்ளும். ஒளிக்கு நடுநிறத்தில் ஓக்கரும் கொஞ்சம் வெள்ளையும், கூடவே கிரிம்சன் ஒரு துளி. வெறும் வெள்ளையை மட்டும் சேர்த்தால் பவுடர் அப்பிய மாதிரி ஆகும். அப்படி ஆகிவிட்டாலும் பயப்பட வேண்டாம். பர்ன்ட் சியன்னா 1 பங்கு, மேட் மீடியம் 5 பங்கு கலந்து முகம் முழுக்க ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் சூடு திரும்பிவிடும். கன்னச் சிவப்புக்கும் இதே வழிதான்: கிரிம்சனை மீடியத்தில் கரைத்து, தூரிகையால் வைத்த உடனே ஓரத்தை விரலால் தட்டித் தட்டிக் கரையுங்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் அதே சிவப்பு கொஞ்சம்.

இப்போது கண். விழிவெண்மை வெள்ளையாக இருக்கக்கூடாது. வெள்ளையில் ஒரு பொட்டு அம்பரும் நீலமும் கலந்து வெளிர் சாம்பலாக்குங்கள். கருவிழியின் மேல்பகுதியில் ஐந்தில் ஒரு பங்கு இமைக்குள் மறையவேண்டும், அடிப்பக்கம் கீழிமையைத் தொடவேண்டும். மேலும் கீழும் வெள்ளை தெரிந்தால் அவள் எதையோ கண்டு அரண்டுபோனவளாகிவிடுவாள். பர்ன்ட் அம்பரில் விழி, நடுவில் அம்பரும் அல்ட்ராமரினும் சேர்ந்த கருநிறத்தில் கண்பாப்பா, விழியைச் சுற்றி அதே கருநிறத்தில் மெல்லிய வளையம். பிறகு மேலிமைக்கு அடியில், விழியையும் வெண்மையையும் சேர்த்து, ஒரு மெல்லிய நிழல் பட்டை. பலர் விட்டுவிடுவது இதைத்தான். இமை விழிமேல் நிழல் போடும்போதுதான் கண் முகத்துக்குள் உட்காரும். இல்லையென்றால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் மிதக்கும். கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில் வெள்ளை ஒளிப்புள்ளி, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம். எதிர்ப்பக்கம் நாலு மணிக்கு, பர்ன்ட் சியன்னாவில் ஓக்கர் கலந்து ஒரு பிறை. அந்தப் பிறை வந்ததும் விழி ஈரமாகிவிடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

புருவத்தில் குணம் இருக்கிறது. உட்பக்க முனை தூக்கினால் ஏக்கம், ஒரு புருவம் மட்டும் 3 மி.மீ. ஏறினால் குறும்பு, இரண்டும் மேலே வளைந்தால் வியப்பு. உதடு கிட்டத்தட்ட நேர்கோடாகவே இருக்கட்டும், மூலைகளில் மட்டும் ஒரு சின்ன ஏற்றம். பல் தெரியச் சிரிக்கும் சிறுமி இந்தவகைக்குப் பொருந்துவது அபூர்வம்; சொல்லாமல் வைத்திருக்கும் ஏதோ ஒன்றுதான் அவளைத் திரும்பிப் பார்க்கவைக்கிறது.

வலையில் பாடம் பார்த்துப் பழகுபவர்களின் சிறுமிகள் எல்லாரும் ஒரே வீட்டு அக்கா தங்கைகளாகவே இருக்கிறார்கள். ஆசிரியரின் முகத்தை அப்படியே எடுத்துக்கொள்வதால் வரும் விளைவு. கண் வரைவது கையெழுத்து மாதிரி. அமெரிக்க ஓவியர் மார்கரெட் கீன் வரைந்த பெருவிழிக் குழந்தைகளைத் தான் வரைந்ததாகப் பல ஆண்டுகள் சொல்லிவந்தார் அவருடைய கணவர். 1986இல் ஹொனலுலு நீதிமன்றத்தில் இருவரையும் வரைந்துகாட்டச் சொன்னபோது மார்கரெட் 53 நிமிடத்தில் வரைந்து முடித்தார். அதற்குள் முன்னாள் கணவராகிவிட்டிருந்த அவர் தோள்வலி என்று ஒதுங்கிவிட்டார். உங்கள் வீட்டுக் குழந்தைகள், பேருந்தில் பார்த்த முகம், பழைய பள்ளிக்கூடப் புகைப்படம் என்று பார்த்து, பலகையில் கை வைப்பதற்கு முன் இருபது கண்ணாவது நோட்டில் வரைந்து பழகுங்கள்.

சடை, மல்லிகை, பாவாடை

முடியை ஒவ்வொரு இழையாக வரையத் தொடங்கினால் துடைப்பம் மாதிரி வந்துவிடும். ஒரே வடிவமாக அம்பர், அல்ட்ராமரின் கலவையில் நிரப்பி, உலர்ந்ததும் ஓடும் திசையில் ஏழெட்டு வெளிர் இழை மட்டும் இழுங்கள். இன்னும் அழகான வழி ஒன்று உண்டு. புத்தகத் தாளை 5 மி.மீ. கீற்றாக நேர்க்கிழிசலில் கிழித்து, மூன்று மூன்றாகப் பின்னி ஒட்டி, மீடியம் கலந்த அதே கருநிறத்தை மெல்லியதாகப் பூசுங்கள். சடைக்குள் எழுத்துகள் மங்கலாகத் தெரியும். வகிடு நேராக இருக்க வேண்டாம், கொஞ்சம் கோணலாக இருக்கட்டும்.

மல்லிகைக்கும் நகைக்கும் மேடு எழுப்ப மாடலிங் பேஸ்ட் வேண்டும். வீட்டிலேயே செய்யலாம்: சலித்த சாக் பவுடர் 3 பங்கு, ஃபெவிகால் 1½ பங்கு, வெள்ளை அக்ரிலிக் 1 பங்கு, வடை மாவுப் பதம். தண்ணீர் சேர்க்காதீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போன இடத்தில்தான் விரிசல் வரும். மருதாணி கோனில் அடைத்து, நுனியை 2 மி.மீ. வெட்டி, ஒரு மொட்டுக்கு ஒரு அழுத்து, உடனே இழுப்பு. வரிசையாக வைத்தால் சரம். ஒரு பூச்சில் 2 மி.மீ. உயரத்துக்கு மேல் போகாதீர்கள். இன்னும் வேண்டுமென்றால் மறுநாள் அதன்மேல். மின்விசிறியோ டிரையரோ படக்கூடாது, மேல்தோல் முதலில் இறுகி உள்ளே ஈரம் நின்றால் வெடிக்கும். புள்ளிக்கோலத்தை ஓ.எச்.பி. ஷீட்டில் வெட்டி ஸ்டென்சிலாக்கி, இதே பேஸ்ட்டை அட்டையால் வழித்துப் பின்புல மூலையிலும் பதிக்கலாம். ஸ்டென்சிலை நேராக மேலே தூக்குங்கள், உடனே கழுவுங்கள்.

பாவாடைக்குக் காகிதமும் துணியும் இரண்டும் பொருந்தும். தையல்கடை பிட் துணியை வெட்டும் முன், வெட்டப்போகும் கோட்டின் பின்பக்கம் பசை தடவி உலரவிட்டால் நூல் பிரியாது. பட்டுத் துண்டில் பசை ஊறினால் எண்ணெய்க்கறை மாதிரி கறுக்கும். அதற்கு, பசையைத் துணியில் தடவாமல் பலகையில் தடவி, 2 நிமிடம் இறுகவிட்டு, துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். மேலே எதுவும் பூசாதீர்கள். சரிகைக்கரை, பொத்தான், லேஸ் எல்லாம் முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கழுத்தருகே ஒரு மினுக்கல் போதும், இரண்டாவது வந்தால் கண் அங்கே போய்விடும்.

தலைமேல் அணில், கையில் காகிதக் குடை, சடை நுனியில் கட்டிய பட்டம், ஏதாவது ஒன்று. ஒன்றே ஒன்று.

கடைசிக் கோடுகள்

மெழுகோ எண்ணெயோ உள்ள எதுவும், ஆயில் பேஸ்டல், கிரேயான் எல்லாம், கடைசியில்தான் வரவேண்டும். அதன்மேல் அக்ரிலிக் ஒட்டாது. ஒட்டியதுபோல் இருந்து நகம் பட்டதும் உரியும். ஆயில் பேஸ்டல் முழுதாக உலர்வதே இல்லை என்பதால் ஓரங்களில் கொஞ்சமாகத் தேய்த்து விரலால் கரைத்துவிடுங்கள்.

முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டால் இத்தனை நேரம் செய்த நிழலெல்லாம் வீண். பழுப்பு மைப்பேனாவால் விட்டுவிட்டு வரையுங்கள்: மேலிமை, மூக்கடி, உதடு சேரும் கோடு, தாடையின் நிழல்பக்கம். வெள்ளை ஜெல் பேனா அன்றைக்கே அடித்த அக்ரிலிக்மேல் ஓடினால் பந்தில் வண்ணம் அடைத்து நின்றுவிடும். ஒருநாள் விட்டு எழுதுங்கள். நின்றுவிட்டால் வெற்றுத்தாளில் வட்டம் வட்டமாகச் சுழற்றினால் மறுபடி ஓடும்.

இந்தக் கட்டத்தில் கைபேசியில் ஒரு படம் எடுத்து, இடவலம் மாற்றிப் பாருங்கள். கூடவே கறுப்பு வெள்ளையாக்கியும் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் முகம் பின்புலத்தோடு கரைந்துபோனால், முகத்தைச் சுற்றி 2 செ.மீ. அளவுக்குப் பின்புலத்தை அடர்த்தியாக்குங்கள் அல்லது வெளுக்கவையுங்கள், எது முகத்தின் நிறத்துக்கு எதிரோ அது. முகத்தில் கை வைக்க வேண்டாம். கண்தான் கெட்டுவிட்டது என்றால் மட்டும், 400ஆம் எண் உப்புத்தாளால் அந்த இடத்தை லேசாகத் தேய்த்து, நடுநிறம் இரண்டு பூச்சு அடித்து, கண்ணை மறுபடி வரையுங்கள். டிரேசிங் தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் இங்கே கைகொடுக்கும்.

வார்னிஷும் பாதுகாப்பும்

மெல்லிய வண்ணத்துக்கு 3 நாள், பேஸ்ட் வைத்த இடம் இருந்தால் ஒரு வாரம், மழைக்காலமென்றால் அதற்கும் மேல் உலரவிட்டு வார்னிஷ் அடியுங்கள். ஜெல் பேனாவோ கரிப்பென்சிலோ ஆயில் பேஸ்டலோ பயன்படுத்தியிருந்தால் தூரிகை வார்னிஷ் இழுத்துக் கலங்கடிக்கும். மேட் ஸ்ப்ரே வார்னிஷைத் திறந்த வெளியில், 30 செ.மீ. தள்ளி, இரண்டு மூன்று மெல்லிய வீச்சாக அடியுங்கள். பட்டுத்துணிமேல் ஒரு காகிதத்தை மறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மழை ஈரம் காற்றில் இருக்கும் நாளில் அடித்தால் வெள்ளைப் படலம் பூக்கும், கருநிறச் சடையில்தான் அது முதலில் தெரியும்.

கண்ணாடிச் சட்டம் போடுபவரிடம் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது. உலர்ந்த அக்ரிலிக்கும் வெயில் காலத்தில் இளகி அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது கன்னம் உரிந்து வரும். நிறுத்திவைத்து, நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். பலகையின் பின்னால் தேதியும் என்னென்ன பொருள் சேர்த்தீர்கள் என்பதும் பென்சிலால் எழுதிவைத்தால், என்றைக்காவது ஒரு மல்லிகை மொட்டு உதிர்ந்தால் அதே பேஸ்ட்டைக் கலந்து அதே இடத்தில் வைத்துவிடலாம்.